நட்சத்திரம் போட்ட சொல்

"கேட்டைத் திறந்தா மூடணும்னு உங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலையா?"

மழைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். மெலேரி திடுக்கிட்டுத் திரும்பினாள். முழங்கால்வரை சேற்றோடு ஒருவன்... தலையில் தொப்பி இல்லை... காலடியில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு கறுப்பு வெள்ளை நாய். அவனுக்குப் பின்னால், சற்றுமுன் அவள் திறந்து வந்த இரும்புக் கேட்டின் வழியாக ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தன, யாரோ அழைத்ததுபோல.

"மூடினேனே..." என்றாள். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, மூடவில்லை என்று.

"அப்ப பதினாலு ஆடும் பறந்தா போச்சு?"

அரை மணி நேரம் ஆயிற்று அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவர. அவன் மேட்டுப் பக்கம் ஓடினான். அவளைச் சாலையின் நடுவில் கைகளை விரித்தபடி நிற்கச் சொன்னான். நின்றாள். மழை சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. இதற்கா கிளம்பி வந்தேன்... இன்றைக்குத் திங்கள், வெள்ளிக்கிழமை ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, நான் இங்கே ஆடு மறித்துக்கொண்டு நிற்கிறேன்...

கடைசி ஆடும் உள்ளே போனது. அவன் கொக்கியை மாட்டினான். ஒருமுறை இழுத்தும் பார்த்தான், அவளுக்குக் காட்டுவதற்காகவே. அப்போதுதான் அவள் அவன் கண்களைச் சரியாகப் பார்த்தாள். மழைக்கு முந்தைய கடலின் நிறம். கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன அந்தக் கண்கள்.

பெயர் யெஸ்டின். வேல்ஸின் அந்த மலைப்பக்கத்தில் குடும்பப் பெயரை யாரும் கேட்பதில்லை, பாதிப் பேர் ஜோன்ஸ் என்பதால். பண்ணையின் பெயர்தான் ஆளின் பெயர். அவன் பான்ட்க்ளாஸ் யெஸ்டின். அவள் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டான்.

"உங்க ஓடையைப் பார்க்க. மூணு வருஷமா அதைப் பத்திதான் எழுதிட்டிருக்கேன்."

"இதுக்கு முன்னாடி உங்களை இங்க பார்த்ததே இல்லையே?"

"இப்பதான் முதல் தடவை வர்றேன்."

அவன் நாயைப் பார்த்தான். நாயும் அவனைப் பார்த்தது.

"பார்க்காமலேயே மூணு வருஷம்... கல்யாணம் ஆன மாதிரிதான்," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் தொழிலில் அது குற்றமே இல்லை. ஆற்றின் பெயரை ஆராய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆற்றில் கால் நனைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது நீரல்ல, சொல். பழைய வரைபடங்கள், தோல் சுவடிகள், சீட்டு சீட்டாக அடுக்கிய மேற்கோள்கள்... எல்லாம் நூலகத்திலேயே கிடைக்கும். போன வாரம் அவளுடைய வழிகாட்டி பென்ரி, கோட்டை மாட்டிக்கொண்டே போகிற போக்கில் கேட்டார், "அந்த ஓடையை நேர்ல போய்ப் பார்த்துட்டே இல்ல?" அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்குள் அழைத்துப் போனான். அவன் அம்மா பெத்தன் ஒரு துண்டை அவள் தோளில் போட்டாள். ஆட்டுக்கறியும் லீக்ஸ் தண்டும் கொதித்த சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். "முதல்ல குடி கண்ணு. அப்புறம் படிப்பு," என்றாள். கதகதப்பான அடுப்பங்கரை, கண்ணாடியில் வழியும் மழை... மெலேரிக்கு ஏனோ பேச வேண்டும்போல் இருந்தது. நான்கு நாளாக நெஞ்சில் கட்டியிருந்ததெல்லாம் அங்கே கரைந்தது.

ஓடுகிற நீரை ஐரிஷ்காரர்கள் 'ஸ்ருத்' என்கிறார்கள், வேல்ஸ்காரர்கள் நாம் 'ஃப்ருட்' என்கிறோம், இரண்டும் உடன்பிறப்புகள் என்று சொன்னாள். இரண்டுக்கும் தாய் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னால், ஐரிஷும் வேல்ஸும் பிரியாமல் எல்லாக் கெல்டிக் மக்களும் ஒரே மொழி பேசிய காலத்தில் இருந்த சொல் அது. அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: *ஸ்ருதுஸ்.

"முன்னாடி என்னது அது, நட்சத்திரமா?" யெஸ்டின் மேசைமேல் குனிந்தான். அவன் தலையிலிருந்து ஒரு துளி காகிதத்தில் விழுந்தது.

"இந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை, எங்கயும் எழுதி வெச்சதும் இல்லைன்னு அர்த்தம். பிள்ளைங்க முகத்தை வெச்சு அம்மா முகத்தை வரையற மாதிரி... இருந்திருக்கும்னு நாங்க நம்பறோம். சாட்சி கிடைக்கிற வரைக்கும் நட்சத்திரத்தை எடுக்கக் கூடாது."

வேல்ஸ்காரர் வாயில் அந்தப் பழைய 'ஸ்' ஒலி தேய்ந்து 'ஃப்' ஆக மாறி ஆயிரத்தைந்நூறு ஆண்டு இருக்கும். ஆனால் 1904ஆம் ஆண்டு வரைபடத்தில், இந்த ஒரே மலையில், இந்த ஒரே ஓடைக்கு 'ஸ்ருத்' என்று பெயர் இருந்தது. மாறாமல், தேயாமல், தாயின் சாயலோடு. ஐரிஷ்காரர் யாராவது வந்து வைத்த பெயராக இருக்கலாமே என்று பென்ரி கேட்டபோது, நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டி, இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஐரிஷ்காரரும் குடியிருந்ததில்லை என்று நிரூபித்திருந்தாள். ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் அதுதான். அந்த அத்தியாயத்தின்மேல்தான் ஆய்வேடு நின்றது. அதன்மேல் அக்டோபரில் அவளுக்காகக் காத்திருந்த வேலை நின்றது.

பெத்தனின் கரண்டி பாத்திரத்துக்குள் அப்படியே நின்றுவிட்டது.

 யெஸ்டின் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போனான். வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொந்த ஓடைக்கு இத்தனை பெருமையா என்று வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள் மெலேரி. பாலத்தருகே ஒரு பலகையைப் பார்த்ததாகவும் சொன்னாள். 'ஸ்ருத். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பெயர்' என்று வெள்ளை வண்ணத்தில் எழுதிய பலகை.

"என் வீட்டுக்காரர் எழுதினது," என்றாள் பெத்தன். "போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு." சூப்பை மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. ஊற்றுக்கண் வரை அழைத்துப் போவதாக அவன் சொல்லியிருந்தான். மறுபடி பேருந்து ஏறி வந்தாள். கேட்டைத் திறந்தாள், மூடினாள், கொக்கியை இழுத்துப் பார்த்தாள். அவன் மேட்டிலிருந்து கை தட்டினான்.

பெரணிப் புதர்களுக்கு நடுவே ஓடையோடு ஏறினார்கள். அவள் எதிர்பார்த்ததைவிட அது சின்னதாக இருந்தது, ஓர் எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் சத்தம்... கல்லுக்குக் கல் வேறு வேறு சத்தம். இதை மூன்று வருஷத்தில் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நினைத்தாள். வழுக்கலில் அவன் கை நீட்டினான். பிடித்தாள். சமதரை வந்த பிறகும் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வர நேரமாயிற்று.

"வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவாங்க உங்களை?"

"டப்ளின்ல இருந்து ஒருத்தர் வர்றார். ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்பார். பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிச்சிடுவாராம்."

"நீங்கதான் பொய் எதுவும் எழுதலையே."

"அதான். எழுதலை. ஆனாலும் பயமா இருக்கு."

 அவன் ஊற்றருகே உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். சொன்னால் இந்த முகம் எப்படி ஆகும்... நாளைக்கு இவள் எதற்கு இந்த மலையேறி வரப்போகிறாள்... அவனுக்கு முப்பத்துமூன்று வயது. இந்த ஊற்றருகே இதற்குமுன் அவன் யாரையும் அழைத்து வந்ததில்லை.

"மெலேரி... ஒருவேளை அது தப்பா இருந்தா?"

"எது?" அவள் முகம் சட்டென்று வெளுத்தது.

"ஒண்ணுமில்ல... சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற குரல் இல்லை அது. பேருந்தில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். புதன்கிழமை முழுவதும் ஐந்தாம் அத்தியாயத்தையே படித்தாள். ஒவ்வொரு அடிக்குறிப்பாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் உறுதியாகத்தான் இருந்தன. பிறகு ஏன் இந்த நடுக்கம்... அவன் போன் செய்வான் என்று பார்த்தாள். செய்யவில்லை. தேர்வுக்காகப் பயப்படுகிறேனா, போன் வராததற்காகப் பயப்படுகிறேனா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் அறைக் கதவைத் தட்டினான். தலை வாரியிருந்தான், சுத்தமான சட்டை. கையில் மேசைத் துணியில் சுற்றிய கனமான ஒரு பொருள்.

"உட்காருங்க," என்றான், அது தன் அறை என்பதுபோல. அவள் உட்கார்ந்தாள்.

துணிக்குள் இருந்தது குடும்ப பைபிள். பிறப்பையும் இறப்பையும் அதன் முன்பக்கத் தாள்களில் எழுதிவைப்பது அந்த வீடுகளின் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த நாளை எழுதப் பிரித்தபோதுதான், ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த இரண்டு தாள்கள் பிரிந்தன என்று சொன்னான். அதில் இருந்தது கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. விரலால் தொட்டுக் காட்டினான். மை பழுப்பேறிய நான்கு வரிகள், 1904, ஜூன் மாதம்:

'இன்று வரைபடக்காரர் வந்தார். ஓடைக்குப் பெயர் கேட்டார். இங்கே யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. நோரா கூப்பிடுவதையே சொன்னேன். அவள் பெயரையும் ஊரையும் எங்கும் எழுத விடாமல் செய்துவிட்டோம். அவள் சொல் ஒன்றாவது அவர்கள் தாளில் இருக்கட்டும்.'

மெலேரி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

நோரா அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மனைவி, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்காரி. வீட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவள், ஐரிஷ் மட்டும் பேசியவள், கத்தோலிக்கப் பெண். கத்தோலிக்கரை ஏற்காத உள்ளூர்ச் சபைக்கு அஞ்சி, கணக்கெடுக்க வந்தவரிடம் அவளை வேல்ஸின் தென்பக்கத்துக் கடற்கரையில் பிறந்த 'ஆன்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் ஊர் முன்னால் வாயைத் திறக்காமலே வாழ்ந்திருக்கிறாள். ஓடைக்குப் போகும்போது மட்டும் தன் மொழியில் பேசிக்கொள்வாளாம். இதையெல்லாம் பின்பக்கத்தில் குறித்திருந்த அவள் கல்யாணச் சீட்டும் அதே தாள்களுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தது.

ஆன். மெலேரிக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அவளுடைய நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பில் இருந்தாள் அவள், 'ஐரிஷ்காரர் யாருமில்லை' என்பதற்கு ஆதாரமாக.

 கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க வீட்டு மேசையில உட்கார்ந்து நான் லூசு மாதிரி நட்சத்திரம் வரைஞ்சு காட்டிட்டிருந்தேன். நீங்க ஜன்னலைப் பார்த்துட்டு நின்னீங்க."

"அம்மாவுக்கு அந்தப் பலகை... அப்பா கையால எழுதினது. ஊர் சிரிக்குமேன்னு பயந்தாங்க." நிறுத்தினான். "அது பாதிதான். மீதி நான். சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு தோணுச்சு."

"என் மூணு வருஷத்தைவிட ஒரு செவ்வாய்க்கிழமை பெரிசாப் போச்சா உங்களுக்கு?"

 எழுந்தான். பைபிளை எடுக்கவில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காட்டறதும் காட்டாம இருக்கறதும் உங்க இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன்."

"போங்க," என்றாள்.

போய்விட்டான். படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேசைமேல் ஒரு பக்கம் ஆய்வேடு, மறுபக்கம் பைபிள். இதை மூடி அலமாரியில் வைத்துவிட்டால் போதும்... நாளை டப்ளின்காரர் ஐந்தாம் அத்தியாயத்தை மெச்சுவார், அக்டோபரில் வேலை, ஒரு சின்ன வீடு... யாருக்கு என்ன நஷ்டம்? நோராவுக்குத்தான். நூற்றிருபது வருஷமாக ஒளித்துவைக்கப்பட்ட அந்தப் பெண்ணை இன்னொரு முறை ஒளிக்க வேண்டும். இந்த முறை அடிக்குறிப்பு போட்டு, தெரிந்தே.

அவன்மேல் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் சொல்லாமலேயே இருந்திருக்கலாம் அவன். தலை வாரிக்கொண்டு, அம்மாவின் மேசைத் துணியில் சுற்றிக்கொண்டு, தன் குடும்பத்தின் மானத்தைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு போயிருக்கிறான்...

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தேர்வு. டப்ளின்காரர் உயரமாக, ஒல்லியாக இருந்தார். முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் மெலேரி பைபிளை மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.  ஐந்தாம் அத்தியாயம் தவறு என்று சொன்னாள். எப்படித் தவறு என்பதையும் சொன்னாள். பென்ரி கண்களை மூடிக்கொண்டார்.

டப்ளின்காரர் அந்த நான்கு வரிகளை வேல்ஸ் மொழியில் மெல்லப் படித்தார். பிறகு கல்யாணச் சீட்டை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். 

"எங்க அம்மாவுக்கும் வாட்டர்ஃபோர்டுதான்," என்றார் கடைசியில்.  பிறகு இரண்டு மணி நேரம் மற்ற அத்தியாயங்களைப் பற்றி இரக்கமே இல்லாமல் கேள்வி கேட்டார்.

முடிவு: ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, ஆறு மாதத்தில் திருத்திக் கொடுக்க வேண்டும். பட்டம் போகவில்லை, தள்ளிப்போயிற்று. அக்டோபர் வேலை போயிற்று. வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

கடற்கரை நடைபாதையில் அவன் உட்கார்ந்திருந்தான். நாயும்தான். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"காட்டிட்டேன்," என்றாள்.

அவன் தலையசைத்தான். பக்கத்தில் இடம் விட்டான். அவள் உட்காரவில்லை, நடந்தாள். அவனும் எழுந்து வந்தான். அந்த ஊரில் நடைபாதையில் நடக்கத் தொடங்கினால், குன்றின் அடிவாரத்தில் அது முடியும் இடத்துக்குப் போய், அங்கிருக்கும் கம்பியைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏனென்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் உதைப்பார்கள். தூறல் போட்டது. கடல் அவன் கண்களின் நிறத்தில் இருந்தது. 

"வேலை போச்சு," என்றாள்.

"நான் முதல்லயே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தாலும் போயிருக்கும். ஆனா இந்த நாலு நாள் நான் உங்களை நம்பினது பொய்யாப் போயிருக்காது."

அதைக் கேட்டு அவன் நின்றான். அவளும் நின்றாள். அலை ஒன்று சுவரில் மோதித் திரும்பியது.

"அம்மா காலையில அந்தப் பலகையைக் கழட்டிட்டாங்க," என்றான். "நான் கேட்கலை, அவங்களாவேதான். புதுசா எழுதறாங்க, நோரான்னு பேர் போட்டு. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா இதைத்தான் இன்னும் பெருமையா எழுதியிருப்பார்னாங்க... எழுத்து கோணலா இருக்கு. நீங்க வந்து பார்த்துச் சொல்லணுமாம்."

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"அம்மாவும்."

அவள் நடையைத் தொடர்ந்தாள். கம்பி தெரிந்தது. அவள் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது, தேர்வறையில் அடித்ததைவிட வேகமாக. தேர்வுதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு... அவளுக்குத் தெரியும் எதற்கென்று.

"மெலேரி." அவன் குரல் கரகரத்தது. "நான் ஒண்ணு சொல்றேன். முன்னாடி அந்த நட்சத்திரத்தைப் போட்டுக்கோங்க. இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, யாரும் கேட்டதும் இல்ல."

"சொல்லுங்க."

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை நடுரோட்டுல கையை விரிச்சுக்கிட்டு நனைஞ்சு நின்னீங்களே... அப்பவே."

 வார்த்தைகளை நம்பி ஏமாந்தவள் அவள், அதுவும் நேற்றுத்தான். ஆனால் இவன் இதைச் சொல்லாமலே போயிருந்தால்தான் தனக்குப் பெரிய இழப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி ஒரு பயம் அவளுக்கு இதற்குமுன் வந்ததில்லை.

"சாட்சி இருக்கா?" என்றாள்.

"பதினாலு ஆடு."

சிரித்துவிட்டாள். சிரிப்பின் நடுவில்தான் அந்த அழுகையும் வந்தது, நேற்று வராதது. அவன் கைக்குட்டையைத் தேடினான், இல்லை. சட்டைக் கையை நீட்டினான். துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நட்சத்திரம் வேணாம்," என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. கோபமும் இருக்கு. ரெண்டும் இருக்கு."

"இருக்கட்டும்."

இருவரும் சேர்ந்து கம்பியை உதைத்தார்கள். அவளுக்கு விரல் வலித்தது. நாய் ஒருமுறை குரைத்தது.

"திங்கக்கிழமை வர்றேன்," என்றாள். "பலகையைப் பார்க்க. இந்தத் தடவை கேட்டை ஒழுங்கா மூடிடறேன்."

"மூடுங்க," என்றான் அவன். "ஆனா, நீங்க உள்ள வந்துட்டு மூடுங்க."